20 டாலர் பர்பன், 200 டாலர் பர்பன்: விலை ஏறினால் ருசியும் ஏறுமா?

கரிசல்காரன்:
அமெரிக்க விஸ்கியான பர்பன் என்றாலே பேச்சு பாப்பி வான் விங்கிள், பிளாண்டன்ஸ் போன்ற கிடைப்பதற்கரிய பாட்டில்களில் போய் நிற்கிறது. நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். 30 டாலருக்கு மேல் கொடுக்கும் காசில் பெரும்பகுதி பெயருக்கும் தட்டுப்பாட்டுக்கும்தான் போகிறது. அமெரிக்கச் சட்டப்படி எந்த பர்பனிலும் தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்ளே கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற வைக்க வேண்டும். நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. மலிவு பாட்டிலுக்கும் இதே விதிதான்.

அதிலும் 1897-இல் வந்த பாட்டில்டு இன் பாண்ட் சட்டம் இன்னும் கறாரானது. அந்தப் பெயரை லேபிளில் போட வேண்டுமானால் ஒரே வடிசாலை, ஒரே பருவத்துச் சரக்கு, குறைந்தது 4 ஆண்டு ஊறல், 100 புரூஃப், அதாவது 50 விழுக்காடு ஆல்கஹால். எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் என்ற பர்பனில் இத்தனையும் இருக்கிறது, விலை சுமார் 20 டாலர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஓக்வாசனை:
விதி எல்லோருக்கும் ஒன்று, சரி. ஆனால் இதற்குக் கீழே இறங்காதே என்று மட்டும்தான் விதி சொல்கிறது. அதற்கு மேல் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் விலை இருக்கிறது நண்பரே.

வயதை எடுத்துக்கொள்ளுங்கள். பர்பன் பெரும்பாலும் வடிக்கப்படும் கெண்டக்கி மாநிலத்தின் வெயிலில் பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பங்கு ஆவியாகிப் போகிறது. தேவதைகளின் பங்கு என்பார்கள். ஆண்டுக்கு 4 விழுக்காடு என்று வைத்துக் கணக்குப் போட்டால், 200 லிட்டர் பீப்பாயில் 4 ஆண்டு கழித்துச் சுமார் 170 லிட்டர் மிஞ்சும். 12 ஆண்டில் 120 சொச்சம். 20 ஆண்டில் 90-க்கும் கீழே. அத்தனை காலமும் கிடங்கில் இடம் வேண்டும், போட்ட முதல் முடங்கிக் கிடக்கும். போதாததற்கு, ஊறிக்கொண்டிருக்கும் பீப்பாய்க்கும் கெண்டக்கியில் சொத்து வரி உண்டு. 2023-இல் போட்ட சட்டப்படி அது படிப்படியாகக் குறைந்து 2043-இல்தான் முழுதாக நீங்கும். இதையெல்லாம் பெயருக்குக் கொடுக்கும் காசு என்று தள்ளிவிட முடியாது.

கரிசல்காரன்:
செலவை நான் மறுக்கவே இல்லை. அந்தச் செலவு ருசியாக நாக்குக்கு வந்து சேர்கிறதா என்பதுதான் என் கேள்வி.

ஸ்காட்ச் பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாயில், குளிர்ந்த ஊரில் ஊறுகிறது. 18 ஆண்டைத் தாங்கும். பர்பன் கிடப்பது புது மரத்தில், கோடை வெக்கையில். 15 ஆண்டைத் தாண்டிய பிறகு பல பீப்பாய்களில் மரத்தின் துவர்ப்பு ஏறி, சோளத்தின் இனிப்பையும் வனிலா மணத்தையும் அமுக்கிவிடும். எனக்கு 6 முதல் 10 ஆண்டுதான் பர்பனின் நல்ல வயது.

ஹென்றி மெக்கென்னா 10 ஆண்டு பர்பனைப் பாருங்கள். 2019-இல் சான் பிரான்சிஸ்கோ உலக மதுப் போட்டியில் சிறந்த விஸ்கி என்று பரிசு வாங்கியது. அதுவரை 35 டாலர் அளவில் கடையில் சும்மா கிடந்தது. பரிசு வந்ததும் அலமாரியில் காணோம், விலை மளமளவென்று ஏறியது. பாட்டிலுக்குள் இருந்தது அதே சரக்குதான். ஏறிய காசு எந்த ருசிக்கு?

ஓக்வாசனை:
நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. அது 10 ஆண்டு ஊறிய, ஒரே பீப்பாயிலிருந்து நிரப்பிய பாட்டில். எவன் வில்லியம்ஸும் அதே ஹெவன் ஹில் நிறுவனத்தின் சரக்கு. இரண்டுக்கும் 78 விழுக்காடு சோளம், 10 விழுக்காடு ரை என்ற கம்புவகைத் தானியம், 12 விழுக்காடு மால்ட் பார்லி, அதாவது முளைகட்டிய வாற்கோதுமை என்ற ஒரே கலவை. பரிசு வாங்கியது எது? கூடுதல் வயதுடையது. வயதுக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நூறு புரூஃப்:
இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். ஜிம் பீம் வெள்ளை லேபிள் 80 புரூஃப். அதே வீட்டின் புக்கர்ஸ், பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அப்படியே வருவது, பெரும்பாலும் 120-க்கு மேல். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துவிட்டு, விலை உயர்ந்ததில் ருசி அடர்த்தி என்கிறோம். அந்த அடர்த்தியில் பாதி ஆல்கஹால் அளவினால் வருவது.

62 விழுக்காட்டு 750 மில்லி பாட்டிலில் தண்ணீர் விட்டு 40-க்கு இறக்கினால் சுமார் 1,160 மில்லி கிடைக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் விலை இடைவெளியும் சுருங்கும். அப்புறம் ருசியைப் பேசலாம்.

பீப்பாய்ப்பித்தன்:
விலையை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒன்று. லேபிளின் பின்பக்கச் சிறு எழுத்தைப் படியுங்கள். இண்டியானாவில் வடித்தது என்று இருந்தால், லாரன்ஸ்பர்கில் உள்ள எம்ஜிபி ஆலையிலிருந்து வாங்கிய சரக்காக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அது தரமான சரக்குதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே ஆலையின் சரக்கு பல பெயர்களில் பல விலைகளில் விற்கிறது. வாங்கும் முன் அது தெரிய வேண்டும்.

ஓக்வாசனை:
ஒத்துக்கொள்கிறேன். என் வாதம் எந்த விலைக்கும் வக்காலத்து இல்லை. வாங்கியவர்கள் மறுபடி விற்கும் சந்தையில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும் பாப்பி வான் விங்கிளுக்கு நானும் கொடுக்க மாட்டேன். அந்தக் காசு வடிசாலைக்கும் போகாது, ஊறிய ஆண்டுகளுக்கும் போகாது. 35 முதல் 60 டாலர் வரை கொடுக்கும்போது வயதும் ருசியும் சேர்ந்து கூடுகின்றன என்பதுதான் நான் சொல்வது. நாப் கிரீக் 9 ஆண்டு பர்பனை ஒரு முறை பனிக்கட்டி போடாமல் குடித்துப் பாருங்கள். வறுத்த வேர்க்கடலை வாசமும் கருகிய சர்க்கரையும் விழுங்கிய பிறகும் வெகு நேரம் நிற்கும். 20 டாலர் பாட்டிலில் அந்த நீளம் வராது.

கரிசல்காரன்:
101 புரூஃபில் வரும் வைல்ட் டர்க்கி 101 பர்பனை மறந்துவிட்டீர்கள். அதன் புகழ்பெற்ற வடிப்பாளர் ஜிம்மி ரஸ்ஸல் 1954-இல் அந்த வடிசாலையில் சேர்ந்தவர். பீப்பாயில் ஊற்றும்போதே 115 புரூஃபில் ஊற்றுகிறார்கள், சட்டம் 125 வரை விட்டாலும். அதனால் பாட்டிலில் நிரப்பும்போது தண்ணீர் குறைவாகச் சேர்த்தால் போதும், பீப்பாய் கொடுத்த ருசி நீர்த்துப் போவதில்லை. 25 டாலர் அளவுக்கு நீங்கள் சொல்லும் நீளம் அதில் இருக்கிறது. ஓல்ட் ஃபேஷன்டு என்ற காக்டெயில் கலக்கினாலும் சர்க்கரைக்கும் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாற்றுக்கும் அடங்காமல் தன் காரத்தைக் காட்டும்.

நூறு புரூஃப்:
அப்படியென்றால் பந்தயத்தைச் சமமாக்குவோம். எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் 100, நாப் கிரீக் 9 ஆண்டு 100, வைல்ட் டர்க்கி 101. புரூஃபைக் காரணம் காட்ட யாருக்கும் வழியில்லை. வீட்டில் வேறொருவரை ஊற்றச் சொல்லி, எது எது என்று தெரியாமல் குடித்துவிட்டு வரிசையை இங்கே எழுதுங்கள்.

ஓக்வாசனை:
சம்மதம். ஹென்றி மெக்கென்னாவையும் சேருங்கள். அதுவும் 100 புரூஃப்தான்.