புதுப்பிப்பு: டாக் டாக் இசைக்குழுவின் பிந்தைய ஆல்பங்கள் ஒருவழியாகப் பிடிபட்டன

டாக் டாக் என்ற ஆங்கில இசைக்குழுவின் 1984 ஆல்பமான 'இட்ஸ் மை லைஃப்' அத்தனை பிடித்தும், அவர்களுடைய 1988 ஆல்பமான 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலன் தந்தது, "நடுவில் இருக்கும் 1986 ஆல்பத்தைத் தாண்டிக் குதிக்காதீங்க" என்ற யோசனைதான். அந்த ஆல்பமான 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்'கில் சின்தசைசர் (மின்னணு இசைக்கருவி) பின்வாங்கி, பியானோவும் ஆர்கனும் கிதாரும் முன்னுக்கு வருகின்றன. மெட்டு இன்னும் கைக்குள் இருக்கிறது, ஆனால் இடைவெளிகள் அகலமாகிவிட்டன. அதை ஒரு வாரம் கேட்டபின் ஈடனுக்குப் போனால், அந்த மௌனம் வெறுமையாகத் தெரியவில்லை.

எதிர்பாராத ஒன்று: தவறு பாதி என்னுடையது. ஈடனை ஷஃபிளில், அதாவது பாடல் வரிசையைக் கலைத்து, போட்டிருந்தேன்! அதன் முதல் மூன்று பாடல்களும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஓடுபவை. கலைத்துப் போட்டால் இருமலும் தும்மலும் மாதிரிதான் கேட்கும். வரிசைப்படி, இடைவெளியில்லாமல் ஒலிக்கவிடுங்கள்.

"இரவில் ஹெட்ஃபோனில் கேள்" என்ற யோசனை எனக்கு உதவவில்லை, தூங்கிவிட்டேன்.

இன்னொன்று. 'இட்ஸ் மை லைஃப்' ஆல்பத்துக்குத் திரும்பியபோது 'ரெனே' பாட்டில் குழுவின் பாடகர் மார்க் ஹாலிஸ் குரலை இழுத்து நிறுத்தும் விதத்திலேயே பிந்தைய பாணியின் விதை தெரிந்தது. 1991-இன் 'லாஃபிங் ஸ்டாக்' மட்டும் இன்னும் பாதிதான் வசப்பட்டிருக்கிறது.