பிரசவத்தின் பின் குருதி நிற்காவிட்டால் அடுத்த மருந்து எது?

பயிற்சித் தாதி, ஹற்றன்: வணக்கம். குழந்தை பிறந்தவுடன், கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்தான ஒக்சிடோசின் 10 அலகு தசையில் ஏற்றிய பின்னரும் குருதி நிற்காமல், கருப்பையும் இறுகாமல் இருந்தால், அடுத்து எதற்கு ஆயத்தமாக வேண்டும்?

மகப்பேற்று விடுதித் தாதி, நுவரெலியா: தங்கச்சி, முதலில் உதவிக்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டு, வயிற்றின் மேலாகக் கருப்பையைத் தேய்த்துக்கொடுங்கள், சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கருப்பை சரியாகச் சுருங்காது என்பதால் சிறுநீர்ப்பையையும் வெறுமையாக்குங்கள். மருத்துவரின் பணிப்பின்படி ஒக்சிடோசினைச் சேலைனில் கலந்து நாளத்தினூடாக ஏற்றுவோம். கருப்பையைச் சுருக்கும் இன்னொரு மருந்தான எர்கோமெற்றினை எடுக்குமுன் குருதி அமுக்கத்தைப் பார்த்தே தீர வேண்டும். உயர் அமுக்கமுள்ள தாய்க்கு அது ஆபத்து.

குடும்பநல உத்தியோகத்தர்: அக்கா சொன்னதுடன், குருதிப்போக்கைக் குறைக்கும் மருந்தான ட்ரனெக்சாமிக் அமிலம் 1 கிராமைக் குழந்தை பிறந்து 3 மணித்தியாலத்துக்குள், 10 நிமிடமெடுத்து நாளத்தினூடாக மெதுவாக ஏற்ற வேண்டும். தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் தாய்க்கு அந்த நேரம் பாதையிலேயே கழிந்துவிடக்கூடும். ஆகவே பிறந்த நேரத்தைக் கடிதத்தில் தவறாமல் எழுதி அனுப்புங்கள்.

மருந்தாளர், பண்டாரவளை: மலைக்குளிரை நம்பி ஒக்சிடோசினை மேசையில் வைக்க வேண்டாம், 2 முதல் 8 பாகைக் குளிர்ப்பெட்டியே அதற்குரிய இடம்.