விளம்பரத்தைத் தடுக்க லைட் போதுமா, முழு பிளாக்கரே வேண்டுமா?

அஸ்தம்பட்டி சென்டர்:
சேலத்தில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஐந்து கம்ப்யூட்டர், எல்லாமே பழசு, 4 ஜிபி ரேம். குரோமில் மேனிஃபெஸ்ட் 2 என்ற பழைய விதிப்படி எழுதிய எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்கள்) நின்றபோது, விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினும் போனது. உடனே எல்லாவற்றிலும் அதன் சின்ன வடிவமான யூபிளாக் ஆரிஜின் லைட் போட்டுவிட்டேன். இப்போது தெரிந்த தம்பி ஒருவர், "லைட்டை நம்பாதீர்கள், ஃபயர்பாக்ஸுக்கு மாறி முழு யூபிளாக் ஆரிஜினைப் போடுங்கள்" என்கிறார். எனக்கு உடன்பாடில்லை. லைட்டில் எதைத் தடுக்க வேண்டும் என்ற விதிகளை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிடுகிறோம், தடுக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது. எக்ஸ்டென்ஷன் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. பழைய மெஷினுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ரிசல்ட் வரும் நாளில் வாசல் வரை ஆள் நிற்கும்போது பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

நாகலூர் காப்பி:
அண்ணா, நான் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். வீட்டுத் திண்ணையில் ஒரு கோடு சிக்னல் வந்தால் பெரிது. உங்களுக்கு ரேம் பிரச்சினை, எனக்கு லைன் பிரச்சினை. காப்பி விலை பார்க்க ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் வீடியோ தானாக ஓட ஆரம்பிக்கும். படித்துக்கொண்டிருந்த வரி சட்டென்று கீழே இறங்கும், விரல் விளம்பரத்தில் போய்ப் படும். இப்போது போனில் ஃபயர்பாக்ஸ், அதில் முழு யூபிளாக் ஆரிஜின். இத்தனை கேபிக்கு மேல் உள்ள படம், வீடியோ எதுவும் நான் தொடாமல் இறங்கக் கூடாது என்று அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். பக்கம் இப்போது திறக்கிறது, அதுவும் ஒழுங்காக.

அஸ்தம்பட்டி சென்டர்:
அது உங்கள் போன் தம்பி, உள்ளே இருப்பதும் உங்கள் தகவல் மட்டும்தான். என் மெஷினில் ஊரார் ஆதார் எண்ணும் பேங்க் கணக்கும் டைப் ஆகிறது. முழு பிளாக்கருக்கு எல்லாப் பக்கத்தையும் படிக்க அனுமதி கொடுக்க வேண்டும். 2020-ல் நானோ ஆட்பிளாக்கர் கைமாறியதை மறந்துவிடாதீர்கள். புதிதாக வாங்கியவர்கள் அனுப்பிய அப்டேட்டிலேயே பயன்படுத்துபவரின் தகவலைக் கறக்கும் நிரல் இருந்தது. லைட்டை அடிப்படை நிலையில் வைத்தால் அது பக்கத்துக்குள் கையே வைக்காது, வெளியே போகும் கோரிக்கையை மட்டும் மறிக்கும். தனியுரிமை என்றால் எனக்கு முதலில் இதுதான்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
வெள்ளிக் கடையில் கணக்கு பார்க்கிறேன். நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். இரண்டு பிளாக்கரை ஒன்றாகப் போட்டு, முழு பிளாக்கரில் இருந்த தடுப்பு லிஸ்ட் அத்தனையையும் டிக் செய்தேன். கம்ப்யூட்டர் திணறியது. அதைவிட மோசம், ஒரு வரிப் படிவத்தில் கேப்ட்சா வரவேயில்லை. சர்வர் படுத்துவிட்டது என்று நினைத்து அரை நாள் காத்திருந்தேன். இப்போது ஒரே பிளாக்கர்தான். முதலில் தானாக டிக் ஆகி வந்த லிஸ்ட்கள் போதும், விளம்பரத்துக்கான ஈஸிலிஸ்ட்டும் கண்காணிப்புக்கான ஈஸிபிரைவசியும் அதிலேயே இருக்கின்றன.

நாகலூர் காப்பி:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. அண்ணா, நானோ விஷயத்தில் உங்கள் பயம் நியாயம்தான், மறுக்கவில்லை. அதனால்தான் பெயரைப் பார்த்துப் போடச் சொல்கிறேன். வெறும் 'யூபிளாக்' வேறு, 'யூபிளாக் ஆரிஜின்' வேறு. பின்னதை எழுதுகிற ரேமண்ட் ஹில் அதை யாருக்கும் விற்கவில்லை, நிரலும் திறந்தே கிடக்கிறது.

ஆனால் ஊரார் தகவல் என்று நீங்கள் சொன்னதால்தான் நான் விடாமல் பேசுகிறேன். சில தளங்கள் நம்மைப் பின்தொடரும் டிராக்கரைத் தங்கள் பெயரிலேயே ஒளித்து வைக்கின்றன. பார்த்தால் அந்தத் தளத்தின் துணைப்பெயர் போலத்தான் இருக்கும். தளப் பெயருக்கு விலாசம் சொல்லும் டிஎன்எஸ்ஸில் தேடினால் அது கண்காணிக்கும் நிறுவனத்தின் சர்வருக்குக் கைகாட்டும். சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு பந்தியில் உட்காருகிற மாதிரி. ஃபயர்பாக்ஸ் இந்த விலாசத்தை விசாரிக்க எக்ஸ்டென்ஷனுக்கு வழி விட்டிருக்கிறது, முழு யூபிளாக் ஆரிஜின் அந்த உண்மைப் பெயரைப் பார்த்துத் தடுக்கும். குரோமில் அந்த வழி இல்லை. ஏற்கெனவே லிஸ்ட்டில் ஏறிய பெயரை லைட்டும் பிடித்துவிடும். நேற்று வைத்த புதுப் பெயர்தான் தப்பிக்கும். லைட்டின் லிஸ்ட்கள் எக்ஸ்டென்ஷன் அப்டேட்டோடு சேர்ந்துதான் வருகின்றன, முழுசு தானே போய் எடுத்துக்கொள்ளும்.

அஸ்தம்பட்டி சென்டர்:
டிஎன்எஸ் விஷயம் எனக்குப் புதிது. ஆனாலும் என் கஸ்டமர் வருவது சான்றிதழுக்கும் ரிசல்ட்டுக்கும்தான், கடை கடையாகப் பார்க்க இல்லை. அவர்களுக்குப் பெரிய ஆபத்து பச்சைக் கலரில் வரும் போலி டவுன்லோட் பொத்தான். லைட் போட்ட நாளிலிருந்து அதை நான் பார்க்கவில்லை.

சரி, ஓரத்தில் இருக்கும் மூன்றாவது மெஷினில் மட்டும் ஃபயர்பாக்ஸ் போடுகிறேன். லிஸ்ட் எதையும் கூட்டமாட்டேன். வரிசை நீளும் நாளில் அதில் உட்காருபவர் எத்தனை முறை என்னைக் கூப்பிடுகிறார் என்று எண்ணிச் சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
வேலை முடிந்ததும் ஹிஸ்டரியும் குக்கீயும் தானாக அழிகிற மாதிரி ஐந்திலும் வையுங்கள் அண்ணா. போன வாரம் ஒரு சென்டரில் உட்கார்ந்தேன், எனக்கு முன்னால் வந்தவரின் மெயில் அப்படியே திறந்து கிடந்தது.