மலையகத்துக்கு எந்தச் சைக்கிள்: ஜப்பான் ரோட் பைக்கா, மூன்று தட்டு மவுண்டன் பைக்கா?

கொட்டகலை மூடுபனி:
அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். சைக்கிள் ஒன்று வாங்கப் போகிறேன். வேலைக்குப் போக இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு மட்டும்தான். கொட்டகலையிலிருந்து தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வழியாக ஏ7 வீதியில் நுவரெலியா வரை ஏறி, அதே வழியில் இறங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. உடம்பு நல்ல நிலையில்தான் இருக்கிறது, ஆனால் நீண்ட ஏற்றம் ஓட்டிப் பழக்கமில்லை. எடை 64 கிலோ.

கையில் உள்ள காசுக்கு இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பாவித்த ஜப்பான் ரோட் பைக். இரும்புச் சட்டம், முன் தட்டுகளில் 52-42 பல், பின்னால் ஆறு கியர் 14-24 பல், வீலின் விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக், கியர் லீவர் கீழ்க்குழாயில். மற்றது புது மவுண்டன் பைக். முன்னால் மூன்று தட்டு 42-34-24, பின்னால் ஏழு கியர் 14-28, முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க், வீல் நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கும் கேபிள் டிஸ்க் பிரேக். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். புது ரோட் பைக் என்றால் இந்த இரண்டு விலையைச் சேர்த்தாலும் எட்டாது. எதை எடுக்கலாம்?

ஊவா உருட்டி:
தம்பி, யோசிக்காமல் ரோட் பைக்கை எடு. நீ போகப் போவது தார் வீதியில். ஏ7, ஏ5, ஏ16 எல்லாம் லொறியும் பஸ்ஸும் ஏறுவதற்காக மலையைச் சுற்றிச் சுற்றி வெட்டிய வீதிகள். ஏற்றம் நீளமாக இருக்குமே தவிர சுவர் மாதிரி நிற்காது. பெரும்பாலான இடங்களில் நூறு மீட்டருக்கு நான்கைந்து மீட்டர்தான் உயரும்.

அந்த விலைக்கு வரும் மவுண்டன் பைக் 15 கிலோ வரும். அதன் ஸ்பிரிங் ஃபோர்க் எழுந்து நின்று மிதிக்கும்போதெல்லாம் மேலும் கீழும் ஆடும், உன் உழைப்பில் ஒரு பங்கை அது விழுங்கும். கட்டை டயர் தாரில் உறுமும். நேர் ஹேண்டிலில் கையை வைக்க ஒரே இடம்தான், ரோட் பைக்கின் வளைந்த ஹேண்டிலில் மூன்று இடம் உண்டு. நான்கு மணி நேரம் ஓட்டுபவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஓட்டிப் பார்த்தால் விளங்கும். நான் பண்டாரவளையிலிருந்து வெலிமடை வழியாக நுவரெலியாவுக்கு 42 பல்லிலேயே ஏறுகிறேன். ஜப்பான் இரும்புச் சட்டம் நம்மை விட அதிக காலம் நிற்கும்.

ஹட்டன் பட்டறை:
உருட்டி அண்ணன் சொன்ன வீதிக் கணக்கு சரி. கால் கணக்கு அவருடையது, இந்தத் தம்பியுடையது அல்ல. எங்கள் பட்டறைக்கு வருபவர்கள் எல்லோரும் சட்டம், பெயர், எடை என்று கேட்கிறார்கள். பல் எண்ணிக்கையைக் கேட்பவர் அபூர்வம். மலையில் ஓட்டுபவன் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

42-ஐ 24-ஆல் வகுத்தால் 1.75. அதாவது பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வீல் ஒன்றே முக்கால் சுற்று. வீலின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். ஆள், வண்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 78 கிலோ என்று வையுங்கள். 5 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்குக் கால் பலம் 165 வாட் அளவில் வேண்டும். 10 சதவீதம் வந்தால் 300 வாட்டைத் தாண்டும். ஏற்றம் பழகாத, ஆரோக்கியமான 64 கிலோ ஆள் ஒரு மணி நேரம் விடாமல் தரக்கூடியது 150 வாட் அளவுதான். மிச்சத்தை எங்கிருந்து எடுப்பது? மிதிக்கும் வேகத்தைக் குறைத்து, 40 சுற்றில் முழங்காலை அமுக்கி அமுக்கி ஏறுவான். இரண்டு மாதத்தில் முழங்கால் வலி என்று வண்டியைச் சுவரில் சாய்த்துவிடுவான்.

இப்போது அந்த மவுண்டன் பைக்கைப் பாருங்கள். 24-ஐ 28-ஆல் வகுத்தால் 0.86. மணிக்கு ஆறு கிலோமீட்டரில், மூச்சு வாங்காமல், 10 சதவீதத்தையும் 150 வாட்டுக்குள் ஏறலாம். எடை 3 கிலோ கூடுதல் என்பது உண்மைதான். மொத்த எடையில் அது 4 சதவீதம். ஒரு மணி நேர ஏற்றத்தில் இரண்டரை நிமிடம்கூட வித்தியாசம் வராது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு அந்த இரண்டரை நிமிடத்தைக் கொடுத்து முழங்காலைக் காப்பாற்றலாம்.

ஊவா உருட்டி:
10 சதவீதம் ஏ7-இல் எங்கே வருகிறது? தம்பி கேட்டது நுவரெலியா வீதியைப் பற்றி, தோட்டத்து ஏற்றத்தைப் பற்றி அல்ல. 5 சதவீதத்துக்கு உங்கள் கணக்கிலேயே 165 வாட்தானே? இன்று 150 தருபவன் மூன்று மாதம் ஓடினால் 165 தருவான். பின்னால் 14-28 ஃப்ரீவீல் (பின் பல்சக்கரக் கட்டு) மாட்டினால் கியர் இன்னும் இலகுவாகும். கால் வளர வண்டி இடம் கொடுக்க வேண்டும். மிக இலகுவான கியரோடு தொடங்கும் பழக்கம் ஆளை வளர விடாது என்பது என் கருத்து.

பூண்டுலோயா பெடல்:
மன்னிக்கவும், தோட்டத்து ஏற்றத்தைப் பற்றிப் பேசாமல் மலையகத்தில் சைக்கிள் பேச முடியாது. நான் பாடசாலை ஆசிரியை, விடுமுறை நாட்களில் ஓட்டுகிறேன். பிரதான வீதியில் ஓட்டத் தொடங்கியவர்கள் எல்லோரும் ஓரிரு மாதத்தில் தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பி விடுகிறார்கள். காரணம், பிரதான வீதியில் பஸ் உரசிக்கொண்டு போகிறது. கொழுந்து லொறி தவிர வேறெதுவும் வராத வழியில் ஓட்டுவதுதான் சுகம். மழைக்காலத்தில் மண் சரிந்து வீதி மூடினால் மாற்றுவழியும் தோட்டத்துக்குள்தான். தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் காட்சி முனைக்கு ஏறும் ஏழு கிலோமீட்டரைப் பார்க்காமல் இந்தத் தம்பி இருக்கப் போகிறாரா? உடைந்த கொங்கிரீட், சரளை, ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குச் செங்குத்து. அங்கே 42-24 கொண்டு போனால் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

“இலகு கியர் ஆளை வளர விடாது” என்பதை நான் ஏற்கவே மாட்டேன். அந்தப் பேச்சைக் கேட்டு ஓட்டத்தையே விட்ட பெண்கள் எனக்குத் தெரியும். இலகு கியர் இருந்தால்தான் அடுத்த வாரமும் போகத் தோன்றும், போனால்தான் கால் வளரும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தம்பியின் உயரம் என்ன? ஜப்பான் வண்டியின் சட்டம் என்ன அளவு? பாவித்த வண்டி வாங்குபவர்கள் நிறத்தையும் பெயரையும் பார்த்துவிட்டு இதைக் கடைசியில் கேட்கிறார்கள். மேல்குழாயின் இருபக்கமும் கால் வைத்துத் தட்டையாக நிற்க முடிய வேண்டும். சீட்டில் அமர்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் ஏறத்தாழ நேராக வர வேண்டும். ஹேண்டில் எட்டாமல் முதுகு நீண்டால், அந்த வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உங்களுக்கு நல்லதல்ல.

ரம்பொடை வளைவு:
எல்லோரும் ஏறுவதைப் பற்றியே எழுதுகிறீர்கள். ஏற முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம். இறங்கும்போது நிறுத்த முடியாவிட்டால்?

நுவரெலியா 1,868 மீட்டர், தலவாக்கலை சுமார் 1,200. 78 கிலோ அந்த உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி ஒன்றரை லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று அதில் ஒரு பங்கைத் தாங்கும். வளைவும் வாகனமும் நிறைந்த வீதியில் மெதுவாக இறங்குபவனுக்கு மிச்சமெல்லாம் பிரேக் வழியாகத்தான் போகும். ரிம் பிரேக்கில் அந்தச் சூடு ஏறுவது ரிம்மில். ரிம்முக்குள்ளே டியூப். பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் டியூப் வெடிக்கும்.

மழையைச் சேர்த்துப் பாருங்கள். தம்பி இருக்கும் பக்கம் மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. ஈரத்தில் ரிம் பிரேக் உடனே பிடிக்காது. பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்க வேண்டும், அதற்குள் வீல் ஓரிரு சுற்றுப் போய்விடும். ஈரத்தோடு மண்ணும் ஒட்டி ரிம்மின் சுவரைத் தேய்க்கிறது. ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் காய்ந்து கிடக்கும், உருட்டி அண்ணனுக்கு இது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம்.

தம்பிக்கு இன்னொன்று. நானுஓயாவிலிருந்து ராதெல்ல குறுக்குப் பாதையில் இறங்காதே. 2023 ஜனவரியில் பஸ், வேன், ஓட்டோ மோதி ஏழு பேர் இறந்த வழி அது. நேரம் மிச்சம் என்று யார் சொன்னாலும் பெரிய வீதியிலேயே இறங்கு.

ஊவா உருட்டி:
ராதெல்ல விஷயத்தில் நூறு வீதம் உடன்படுகிறேன்.

ஆனால் டிஸ்க் என்றாலே பாதுகாப்பு என்று எழுதுவது சரியல்ல. அந்த விலையில் வருவது கேபிள் டிஸ்க். பலவற்றில் ஒரு பக்கக் கட்டைதான் நகரும், மற்றது அசையாமல் நிற்கும். தேயத் தேயக் கையால் திருகிக் கிட்டே கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாதவனின் லீவர் ஹேண்டிலைத் தொட்டுவிடும், பிரேக் பிடிக்காது. செயினுக்கு அடித்த எண்ணெய் டிஸ்க் தட்டில் ஒரு துளி பட்டால் அதுவும் போச்சு. நல்ல ரப்பர்க் கட்டையும் புதுக் கேபிளும் போட்ட ரிம் பிரேக்கில் தசாப்தக் கணக்காக ஆட்கள் மலை இறங்கியிருக்கிறார்கள். வளைவுக்கு முன்னால் நேர்ப் பாதையில் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடி, விடு, ரிம் ஆறட்டும், மறுபடி பிடி. இந்தப் பழக்கம் டிஸ்க் வைத்திருப்பவனுக்கும் வேண்டும்.

ரம்பொடை வளைவு:
பழக்கம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. பழகும் வரை என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி. கேபிள் டிஸ்க்கைத் திருகிச் சரிசெய்ய ஒருநாள் மாலையில் கற்றுக்கொடுக்கலாம். ஈர ரிம்மில் எவ்வளவு தூரத்துக்கு முன் பிடிக்க வேண்டும் என்பதை வீதியில்தான் கற்க வேண்டும், அதுவும் எதிரே பஸ் வரும் வீதியில்.

ஹட்டன் பட்டறை:
ஃப்ரீவீல் மாற்றுவது பற்றி உருட்டி அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். 14-28 கிடைக்கும், பழைய ஹப்பின் திருகிலேயே ஏறும். ஆனால் செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின் டீரெய்லர், அந்தக் காலத்து ரேஸ் வகை சிலது 28 பல் வரை எட்டவே எட்டாது, முதலில் அதைப் பார்க்க வேண்டும். ஏறினாலும் 42-28 என்றால் 1.5 தான். முன் தட்டைச் சின்னதாக்கலாமா என்றால், தட்டைப் பூட்டும் போல்ட் வட்டம் 130 மில்லிமீட்டர் உள்ள கிராங்கில் (பெடல் கையில்) 38 பல்லுக்குக் கீழே தட்டு பொருந்தாது. கிராங்கையே மாற்றினால் வண்டி விலையில் பாதி அதற்குப் போகும்.

அதைவிடப் பெரிய தொல்லை டயர். பழைய ரோட் பைக்கில் 700சி வீலும் வரும், 27 அங்குல வீலும் வரும். ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் முதலாவதில் 622 மில்லிமீட்டர், இரண்டாவதில் 630. நம் ஊர்க் கடைகளில் தொங்கும் பெரிய சைக்கிளின் 28 இஞ்சி ஒன்றரை டயர் 635. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஒன்றுக்கொன்று சேராது. பெரிய டயரை இழுத்துக் கட்டினால் இறக்கத்தில் கழன்றுவிடும். ஞாயிறு மத்தியானம் தலவாக்கலையில் டயர் கிழிந்தால் 630-க்கு எங்கே போவான்? 26 இஞ்சி மவுண்டன் டயர் எந்தச் சின்ன டவுனிலும் இருக்கிறது. வால்வும் அப்படித்தான். மவுண்டன் டியூபில் மோட்டார் சைக்கிள் வால்வே வரும், எந்தப் பெற்றோல் செட்டிலும் காற்றடிக்கலாம். மெல்லிய ரேஸ் வால்வுக்கு ஒரு பித்தளை அடாப்டர் பையில் இருந்தே ஆக வேண்டும்.

தம்பிக்கு என் யோசனை: மவுண்டன் பைக்கை எடு, முதல் வேலையாகக் கட்டை டயரைக் கழற்றி 1.5 இஞ்சி அகல வழுவழு டயர் போடு. உறுமலும் இழுவையும் பாதிக்கு மேல் போய்விடும். ஃபோர்க்கில் பூட்டும் திருகு இருந்தால் ஏற்றத்தில் பூட்டிவிடு. இரண்டு வருடம் கழித்துக் காசு சேர்ந்ததும் 50-34 முன் தட்டும் 11-34 கேசட்டும் (பின் பல்சக்கரங்களும்) உள்ள ரோட் பைக்கை எடு. அப்போது உருட்டி அண்ணன் சொல்லும் எல்லாச் சுகமும் உண்மை, நானே கட்டித் தருவேன்.

ஊவா உருட்டி:
நல்ல யோசனைதான், ஆனால் அந்த இரண்டு வருடத்தில் பலர் சலித்துப் போய்விடுகிறார்கள். ரோட் பைக் ஓட்டும்போது வரும் மகிழ்ச்சியைக் கணக்கில் போட ஒரு வாட்டும் கிடையாது. பட்டிப்பொலவிலிருந்து அம்பேவலைப் பக்கம் புல்வெளி நடுவே இலகுவாக உருண்டு போகும்போது, வண்டி நம் காலின் ஒவ்வொரு அசைவுக்கும் பதில் சொல்லும். அதற்காகத்தான் நான் ஓட்டுகிறேன், இந்தத் தம்பிக்கும் அது கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 38 தட்டும் 28 ஃப்ரீவீலும் மாட்ட முடிந்து, வீலும் 622 ஆக இருந்தால் மட்டும் ரோட் பைக்கை எடு. 630 என்றால் பட்டறைக்காரர் சொல்வதைக் கேள்.

பூண்டுலோயா பெடல்:
எதை எடுத்தாலும் பின்னால் மினுங்கும் சிவப்பு லைட் ஒன்றுக்குக் காசு ஒதுக்கி வையுங்கள் தம்பி. லிந்துலைக்கு மேலே மூட்டம் இறங்கினால் பகல் இரண்டு மணிக்கும் பஸ்காரருக்கு உங்களைத் தெரியாது. ஹெல்மட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இறங்குவதற்கு மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட் ஒன்று. ஏறும்போது வியர்த்த உடம்போடு நுவரெலியாவிலிருந்து இறங்கினால் விரல் விறைத்து பிரேக் லீவரை இழுக்க முடியாமல் போகும்.

கொட்டகலை மூடுபனி:
எல்லோருக்கும் நன்றி. என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம் அக்கா. நாளை இரண்டு வண்டியையும் மறுபடி பார்க்கப் போகிறேன். மவுண்டன் பைக் பக்கம் மனம் சாய்ந்திருக்கிறது, ஆனால் ஜப்பான் வண்டியின் வீல் அளவைப் பார்க்காமல் முடிவெடுக்க மாட்டேன். கடைக்காரரிடம் கேட்டால் “28 சைஸ்” என்கிறார்.

ஹட்டன் பட்டறை:
கடைக்காரர் சொல்லும் சைஸை நம்ப வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் சிறிய எழுத்தில் 25-622, 32-630 என்பதுபோல இரண்டு எண் இருக்கும், இரண்டாவது எண்ணைப் பார். அப்படியே கிராங்கின் முன்பக்கம், பின் டீரெய்லர், பிரேக் கட்டை படுமிடத்தில் ரிம்மின் சுவர், இவற்றையும் கிட்டவாகப் படமெடுத்து இங்கே போடு. ரிம்மில் விரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பார், நடுவில் குழிந்திருந்தால் அந்த வீல் முடிந்தது, விலையில் அதைக் கழிக்கச் சொல்.