‘தடம் பழக்கல்’: ஸ்லொட் கார் ஓட்டத்துக்கு ஒரு சொற்பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்லொட் கார் என்பது தடத்தில் வெட்டிய காடி வழியே மின்சாரத்தால் ஓடும் சிறு மாதிரிக் கார். அதற்காக நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில், ரயர் தடத்தைக் கவ்வி நிற்கும் தன்மையைக் குறிக்க ‘உராய்வு’ என்ற சொல்லே போதும் என்று எழுதிய ஆசிரியர் ஐயாவின் கருத்திலிருந்து நான் மாறுபடுகிறேன். உராய்வுக் குணகம், எல்லை உராய்வு என்று அச்சொல்லின் குடும்பம் நம் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது உண்மையே. ஆயினும் நாம் பாடசாலையில் கற்ற உராய்வு தொடுபரப்பின் அளவைச் சாராதது. மென்மையான இறப்பரோ தடத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமிழ்ந்து, ஒட்டியும் உருமாறியும் பிடிப்பதால் அந்த விதிக்குள் முழுமையாக அடங்குவதில்லை. அரத்தாளில் தேய்த்துச் சீராக வட்டமாக்கிய ரயர், அதே இறப்பரால் ஆன கோணல் ரயரைவிட நன்றாகப் பிடிப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். எனவே ‘பிடிப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம். ‘பற்று’ அழகான சொல்தான், ஆனால் கணக்கேட்டில் வரவுக்கு எதிரே அது ஏற்கெனவே குடியிருக்கிறது.

என் கவலை முழுவதும் அடுத்த சொல்லைப் பற்றியது. புதிதாக வர்ணம் பூசிய பலகைத் தடத்தில் கார் முதல் நாள் வளைவுகளில் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஓட ஓட, ரயரிலிருந்து தேயும் இறப்பர் காடியின் இரு மருங்கிலும் மெல்லிய படலமாகப் படிந்து, வளைவுகளில் காரின் பின்பகுதி வால்போல் வீசும் அளவுக்கு அகன்று, பிடிப்பைக் கூட்டுகிறது. பந்தயத்துக்கு முன் வேண்டுமென்றே பல சுற்றுகள் ஓட்டி இந்த நிலையை வரவழைப்பதும் உண்டு. இதற்கு ‘தடச் சீரமைப்பு’ என்றால் உடைந்த தடத்தைத் திருத்துவதாகவே பொருள்படும். ‘இறப்பர் ஏற்றல்’ என்பது, இறப்பரை ஏற்றுமதிப் பயிராக அறிந்த நம் இலங்கையில், துறைமுகத்தையே நினைவூட்டும். ‘பதப்படுத்தல்’ நெருங்கி வருகிறது. எனினும் உணவையும் தோலையும் மரத்தையும் கெடாமல் காக்கும் பொருளில் அது ஊறிப்போய்விட்டது.

நம் சமையலறையில் இதற்கான சொல் நெடுங்காலமாக இருக்கிறது. புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்குகிறோம். புது மண்சட்டியையும் பழக்கிய பிறகே உலையேற்றுகிறோம். பயன்பாட்டினாலேயே ஒரு மேற்பரப்பு படலம் ஏற்றுத் தன் வேலைக்கு இணங்கிவருவதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் வேறு சொல்லை நான் அறியேன். கல்லில் மாவு ஒட்டாதிருக்கப் பழக்குகிறோம், தடத்தில் ரயர் ஒட்டுவதற்காகப் பழக்குகிறோம். விளைவு எதிராயினும் செயல் ஒன்றே. உயிருள்ளவைதானே பழகும் என்ற தயக்கத்துக்கும் தோசைக்கல்லே விடை.

இதைவிட எனக்கு மகிழ்ச்சி தருவது, தன்வினையும் பிறவினையும் இச்சொல்லில் இயல்பாகவே பிரிந்து நிற்பதாகும். ஓட்டத்தினால் தானாக நிகழ்வது ‘தடம் பழகல்’. நாம் திட்டமிட்டுச் செய்வது ‘தடம் பழக்கல்’. பழகாத தடம், பழகிய தடம், பழக்கோட்டம் (பழக்குவதற்கான ஓட்டம்) என்று வேண்டிய கிளைச்சொற்களும் வருத்தமின்றிப் பிறக்கின்றன. மிகைப் பழகலும் உண்டு: பிடிப்பு அளவுக்கு மிஞ்சினால் கார் வழுக்குவதற்குப் பதில் கவிழ்கிறது.

கொழும்பு வெள்ளவத்தையில் என் மேல்மாடி அறையில் கடற்பக்கச் சாளரத்தை ஓரிரவு திறந்துவைத்தாலே மறுநாள் தடத்தில் கைவிரலுக்கு ஈரப்பிசுக்குத் தட்டுப்படும். துணியால் துடைத்து மீண்டும் ஓட்டினால்தான் பழைய பிடிப்பு திரும்பும். இந்த இழப்பை ‘பழக்கம் குலைதல்’ என்று நான் குறித்துவருகிறேன், ஆனால் ‘பழக்கம்’ பொதுவழக்கில் வேறு பொருள் தருவதால் இதை மட்டும் வலியுறுத்த மாட்டேன்.

சிலிக்கோன் ரயரைத் தனியே பேசவேண்டும். அது தூய தடத்தையே விரும்புகிறது. படிந்த தூசு அதன் பிடிப்பைக் கெடுத்துவிடும். ஆகவே அதற்கான ஆயத்தம் ‘தடம் துடைத்தல்’ என்றே இருக்கட்டும். உண்மைக் காரின் 24இல் ஒரு பங்கான (1:24) கார்கள் ஓடும் தடங்கள் சிலவற்றில் ஒட்டுப்பசை தெளித்துப் பிடிப்பைக் கூட்டுவதையும் பழக்கலுக்குள் சேர்க்க எனக்கு உடன்பாடில்லை, அங்கே படலம் வெளியிலிருந்து வருகிறது, அதைப் ‘பசையூட்டல்’ எனலாம். காந்தம் பொருத்திய கார்களில் தடத்தில் பதித்த எஃகுத் தண்டவாளத்தின் ஈர்ப்பு பெரும்பங்கைச் சுமப்பதால் ரயரின் குறை அவ்வளவாகத் தெரியாது. மின்சாரம் பாயச் செப்பு நாடா ஒட்டிய பலகைத் தடத்தில் காந்தத்துக்குப் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை, அங்கேதான் இச்சொற்கள் அன்றாடம் தேவைப்படும்.

பிடிப்பு, தடம் பழகல், தடம் பழக்கல், பழக்கோட்டம், பசையூட்டல் ஆகிய ஐந்தையும் பட்டியலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுப்புள்ளவர்கள் தங்கள் சொல்லை ஓட்டத்தின்போது வாய்விட்டுச் சொல்லும் ஒரு முழு வாக்கியத்தில் அமைத்துக் காட்டினால், ஒப்பிட்டு முடிவெடுக்க எளிதாக இருக்கும்.