தக்காளியின் அடியில் கருப்பு: உங்களுக்கும் நடந்ததா?

மதுரை மொட்டைமாடி
ஒன்பது பையில் தக்காளி, எல்லாமே பெரியகுளத்து பிகேஎம் 1 ரகம். முதல் பழம் சிவந்ததும் மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பறித்துத் திருப்பினார். அடிப்பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கருத்து, செருப்புத் தோல் மாதிரி உள்வாங்கியிருந்தது. "இது சீக்கும்மா, பக்கத்துச் செடிக்கும் பரவிடும்" என்றார். அன்றைக்கே ஒன்பதையும் வேரோடு பிடுங்கிவிட்டேன். அது தொற்று நோயே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. பிஞ்சும் பூவுமாக அவை சுவரோரம் வாடிக் கிடந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

திண்டுக்கல் தோட்டம்
எனக்கும் அதே கருப்பு. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று முட்டை ஓடு போடச் சொன்னார்கள், நொறுக்கிப் போட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பையைக் கவிழ்த்தால் ஓடு போட்டது போட்டபடி, வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது. தயவுசெய்து யாரும் அதை நம்பாதீர்கள்.

தாம்பரம் அக்கா
தம்பி, முட்டை ஓட்டின் மேல் தப்பில்லை. மட்க மாதக்கணக்கில் ஆகும். மிக்ஸியில் மாவாக அரைத்து, நடுவதற்கு வெகு முன்னாலேயே கலந்திருக்க வேண்டும். அப்படியே சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் தண்ணீர்தானே அதைக் காய்க்குக் கொண்டுபோகிறது? இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளம் கட்டினால் அடி கருக்கும், தோலும் வெடிக்கும். தினமும் காலையில் விரலை மண்ணில் விட்டு ஈரம் பாருங்கள். காய்ந்த சருகால் மூடாக்குப் போடுங்கள். தழைச்சத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். கருத்த காயை மட்டும் கிள்ளிவிட்டால் போதும், அடுத்தடுத்த காய் நன்றாகவே வரும்.

இன்னொரு தோட்டம்
என் அனுபவம் வேறு. கத்திரி வெயிலில் பழம் மஞ்சளாகவே நின்றது, சிவக்கவே இல்லை. 30 டிகிரியைத் தாண்டினால் அந்தச் சிவப்பு சரியாக ஏறாதாம். நிறம் திரும்பியதுமே பறித்து, வீட்டுக்குள் கூடையில் பரப்பினேன். நாலாம் நாள் நல்ல சிவப்பு.

கோவை மூன்றாம் மாடி
எனக்குக் காயே பிடிக்கவில்லை. பூ கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. இவ்வளவு உயரத்துக்குத் தேனீ வருவது குறைவு. ஒருநாள் காலை பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டினேன். உள்ளங்கையில் மகரந்தம் மஞ்சள் மாவாக மெல்லியதாகப் படிந்தது. தினமும் சுண்டினேன். அந்தக் கொத்தில் ஐந்து காய்.

மதுரை மொட்டைமாடி
அக்கா, ஒரே ஒரு வார்த்தை முன்னாலேயே தெரிந்திருந்தால் ஒன்பது செடியும் பிழைத்திருக்கும். மறுபடி நாலு பை வைத்திருக்கிறேன். இன்று காலை விரல் விட்டுப் பார்த்தேன், ஈரம் இருக்கிறது.