கம்பம்மெட்டு தாண்டினா சிக்னல் இல்ல, மனு யாருக்கு எழுதணும்?

கம்பத்துப் பொண்ணு:
எங்கம்மா ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போறாங்க. விடியுமுன்ன ஜீப்புல ஏறினா கம்பம்மெட்டு செக்போஸ்ட் தாண்டித் தோட்டம். திரும்ப சாயங்காலம் ஆறு மணி ஆயிடும். தோட்டத்துக்குள்ள போன் இருந்தா மணி பார்க்கலாம், அவ்வளவுதான். போன மாசம் தம்பி பள்ளிக்கூடத்துல விழுந்து கை ஒடிஞ்சிருச்சு. காலையில நடந்தது, ஜீப் மெட்டுக்கு வந்தப்புறம்தான் அம்மாவுக்குத் தெரியும். கூலியும் இப்ப போன்லதான் போடுறாங்க. குறைஞ்சிருந்தா கங்காணிகிட்டக் கேக்க மறுநாள் ஆகுது.

போன் கம்பெனிக வருமானத்துல 5 சதவீதம் கிராமத்துக்கு போன் வசதி பண்ணன்னு அரசாங்கம் பிடிக்குதுன்னு காலேஜ்ல படிச்சேன். அது எங்க மலைக்கு வராதா? தோட்டம் கேரளா, நாங்க தமிழ்நாடு. யாருக்கு எழுதறது?

பழைய லைன்மேன், உத்தமபாளையம்:
பாப்பா, நீ படிச்சது சரிதான். 1999 தொலைத்தொடர்புக் கொள்கையில முளைச்சது அது. 2002 ஏப்ரல்ல இருந்து பிடிக்கிறாங்க, 2003-ல சட்டமாச்சு, 2023 சட்டத்துல டிஜிட்டல் பாரத் நிதின்னு பேரு மாறிடுச்சு. பிடிச்ச காசு நேரா டவருக்குப் போகாது. இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போயி, நாடாளுமன்றம் ஒதுக்கினாத்தான் வெளிய வரும்.

2022-ல சிக்னல் எட்டாத 24,680 கிராமத்துக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ஒதுக்கினாங்க. கிராமத்தை வச்சுத்தான் கணக்கு. இடுக்கியில ஒரு கிராமம்னா நம்மூர் மாதிரி நாலு தெரு இல்ல, மலை மலையாக் கிடக்கும். கடைத்தெருவுல சிக்னல் கிடைச்சா அந்தக் கிராமமே முடிஞ்சதுன்னு எழுதிருவாங்க, உங்கம்மா நிக்கிற சரிவு விட்டுப்போகும். இது என் ஊகம், ஆனா வேலை பார்த்தவன் ஊகம்.

தொலைத்தொடர்பு ஒன்றிய அரசோட விஷயம். இடம் கேரள வட்டத்துல இருக்கிறதால, எர்ணாகுளத்துல இருக்கிற தொலைத்தொடர்புத் துறை அலுவலகத்துக்கு எழுது. சென்னைக்குப் போட்டா சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யி. டிராய்னு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இருக்கு, அதோட 2024 விதிப்படி கம்பெனிக சிக்னல் வரைபடத்தை வலைத்தளத்துல போடணும். தோட்டம் இருக்கிற இடத்துல நிறம் பூசியிருக்கான்னு பாரு. பூசியிருந்தா அங்க சிக்னல் இருக்குன்னு கம்பெனி சொல்லுதுன்னு அர்த்தம். இல்லாததை இருக்குன்னு காட்டுறதுக்கு உன் மனுவுல அதுதான் சாட்சி.

ஜீப் டிரைவர்:
லைன்மேன் அண்ணே சொல்றது சரி. ஒரு காலத்துல மெட்டு ஏறினதும் ரோமிங், வர்ற காலுக்கும் காசு போகும். அதுக்குப் பயந்தே சனங்க போனை அணைச்சு வச்சிருவாங்க. ரோமிங் இல்லாம ஆக்குவோம்னு 2012 கொள்கையிலேயே எழுதிட்டாங்க. நெசமா ஒழிஞ்சது 2016, 17-ல கம்பெனிக போட்டி போட்டு அடிச்சுக்கிட்டப்பதான். டவர் வர்ற வரைக்கும் ஒண்ணு பண்ணு தங்கச்சி. தோட்டத்து ஆபீஸ்ல லேண்ட்லைன் இருக்கும். அந்த நம்பரைப் பள்ளிக்கூடத்துல எழுதிக் கொடுத்துரு.

போடி ஏலக்காய்க்காரன்:
புத்தடியிலயும் போடியிலயும் ஸ்பைசஸ் போர்டோட (நறுமணப் பொருள் வாரியம்) மின்னணு ஏலம் நடக்குது. லாட் விழுந்த விலை அந்த நிமிஷமே எங்க திரையில தெரியுது. அந்தக் காயை எடுத்த அம்மாவுக்கு மகன் கை ஒடிஞ்சது சாயங்காலம்தான் தெரியுதுன்னு படிச்சப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு. மனுவுல தோட்டக்காரங்க கையெழுத்தும் வாங்குங்க, கூலிக்காரங்க மட்டும் போட்டா எவனும் பார்க்க மாட்டான். கே-ஃபோன்னு கேரள அரசோட இணைய வயர் திட்டம் 2023-ல தொடங்கியிருக்கு. வயர் அந்தப் பக்கம் எதுவரைக்கும் வந்திருக்குன்னு பஞ்சாயத்துல விசாரிங்க. டவர் இல்லாட்டியும் ஆபீஸ்ல ஒரு வைஃபை வச்சா கூலி வந்துச்சான்னாவது பார்த்துக்கலாம்.

கம்பத்துப் பொண்ணு:
லேண்ட்லைன் நம்பர் வாங்கியாச்சு அண்ணே. வரைபடமும் பார்த்தேன் தாத்தா, எங்க தோட்டம் முழுக்க நிறம் பூசித்தான் இருக்கு! ஞாயித்துக்கிழமை அம்மாகூட நானும் மேல போறேன். நாலு இடத்துல நின்னு, சிக்னல் கோடு இல்லாத திரையைப் படம் பிடிச்சுட்டு வந்து மனுவோட வைக்கிறேன். தோட்டக்காரர் கையெழுத்துதான் சந்தேகம். கங்காணிகிட்ட அம்மா பேசிப் பார்க்கிறேன்னாங்க.